ஒரு வெள்ளை வேட்டியும் காவலூர் தொலைநோக்கியும்



கொஞ்சம் நீளமான பதிவு. காபியைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஓய்வு பெற்ற பிறகும் இவர் பாடத்தை நிறுத்தவில்லையே என்று சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் படியுங்கள், பரவாயில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூர் பக்கத்திலிருந்து பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாகப் பலாமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன். இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

"சார், ஒரு யோசனை கேக்கணும். கேமரா வாங்கலாம்னு இருக்கேன். 70,000 ஆவுதாம்."

"எதுக்குப்பா உனக்குக் கேமரா?"

"வீடியோ போடறோம் சார். சாமையை எப்படிக் குத்தறது, எப்படிக் கல் அரிக்கறது, எப்படிச் சோறாக்கறதுன்னு. எங்ககிட்ட சாமை வாங்கற டவுன்காரங்க, கல்லு இருக்குது, குழைஞ்சி போவுதுன்னு குறை சொல்றாங்க. பண்ற முறை தெரிஞ்சா சொல்ல மாட்டாங்க இல்ல? ஆனா வீடியோ தெளிவா இல்லைன்னு எழுதறாங்க சார்."

"பணத்துக்கு என்ன பண்ணுவ?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னான். "அவ சங்கிலி இருக்குது சார். வச்சிக்கலாம்னு அவளே சொல்லிட்டா."

"ரெண்டு வாரம் பொறுடா. நான் வரேன்" என்று சொல்லி போனை வைத்தேன். பிறகு அவன் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன்.

புகை படிந்த சுவர். பின்னால் திறந்த வாசல், அதில் கண்ணைக் கூசும் வெயில். வாசலுக்கு முன்னால் அந்தப் பெண் உட்கார்ந்து முறத்தில் புடைக்கிறாள். முகமே தெரியவில்லை, கரிய உருவமாக இருக்கிறாள். முறத்தில் இருப்பது சாமையா மணலா என்று கண்டுபிடிக்க முடியாது. சாமை மணி ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தான். அதே அளவில் இருக்கும் கல்லை அதிலிருந்து பிரித்துக் காட்டுவதுதான் பாடம். மணியும் கல்லும் தெரியாவிட்டால் அங்கே பாடமே இல்லை.

அவனைக் குறை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. 2020இல் பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது கல்வித் தொலைக்காட்சியில் பாடங்கள் வந்தன. அவற்றோடு சேர்த்து, எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நாமும் ஏதாவது செய்யலாம் என்று அமில, காரச் சோதனையை நானே போனில் படம் பிடித்து அனுப்பினேன். லிட்மஸ் தாள் நிறம் மாறும் காட்சி. ஒரு மாணவி பதில் அனுப்பினாள்: "சார், தாள் ரெண்டும் ஒரே கலர்ல தெரியுது. எது சிவப்பு, எது நீலம்?" மஞ்சள் பல்பின் கீழே எடுத்திருந்தேன். முப்பது வருடத்துக்கும் மேல் ஒளியியல் நடத்திய ஆசிரியருக்கு, வெளிச்சத்தைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை என்று அன்று தெரிந்தது.

அதன் பிறகுதான், நமக்கு முன்னால் படம் பிடித்தவர்கள் வெளிச்சத்தை எப்படிச் சமாளித்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அந்தக் கதையைத்தான் அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் தாதாசாகேப் பால்கே. 1913இல் 'ராஜா ஹரிச்சந்திரா' எடுத்தவர் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தைய வருடம் அவர் எடுத்த சின்னப் படத்தைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. லண்டனுக்குப் போய் ஒரு கேமரா வாங்கி வந்துவிட்டார். ஆனால் முழுநீளப் படம் எடுக்கக் கையில் பணமில்லை. பணம் போடுபவர்களை எப்படி நம்பவைப்பது? ஒரு தொட்டியில் பட்டாணி விதையை ஊன்றினார். கேமராவை அதன் எதிரே அசையாமல் நிறுத்தினார். ஒரு நாளைக்கு ஒரு சட்டகம் மட்டும் எடுத்தார். மறுநாள் இன்னொன்று. ஒரு மாதத்துக்கும் மேல் இப்படியே. ஓட்டிக் காட்டியபோது, விதை முளைவிட்டு, தண்டு எழுந்து, கொடி படர்வது கண்ணெதிரே நடந்தது. செடி எப்படி வளர்கிறது என்று காட்டும் பாடம்தானே அது! நம் நாட்டின் முதல் பாட வீடியோ என்று அதைத்தான் நான் சொல்வேன். 1917இல் இன்னொரு படம் எடுத்தார். திரைப்படம் எப்படித் தயாராகிறது என்று காட்டும் படம். இன்று யூடியூபில் 'செய்வது எப்படி' என்று போடுகிறார்களே, அந்த வகைக்கு நம் நாட்டு மூதாதை அதுதான்.

இந்த இடத்தில் என் மாணவன் மடக்கினான். "சார், பால்கேவும் வீட்டம்மா நகையை அடகு வச்சாராமே? யூடியூப்ல பாத்தேன்."

வைத்தார், உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் பட்டாணிச் செடியை எடுத்துக் காட்டினார். கையில் இருப்பதை வைத்து என்ன செய்ய முடியும் என்று முதலில் தனக்கே நிரூபித்துக்கொண்டார். அதன் பிறகுதான் நகைக்குக் கை நீட்டினார். வரிசை முக்கியம்.

அவர் மனைவி சரஸ்வதிபாயின் பங்கு நகையோடு நின்றுவிடவில்லை. பிலிம் சுருளில் துளை போடுவது அவர் வேலை. படப்பிடிப்பு நடக்கும்போது வெயிலில் வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார் என்றும் சொல்வார்கள். எதற்கு? துணியில் பட்ட வெயில் திரும்பி, நடிகரின் முகத்தில் நிழல் விழுந்த பக்கத்தை வெளிச்சமாக்கும். இந்த வெள்ளைத் துணியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுக்க வரும்.

அடுத்தது நம் சென்னை. ஆர். நடராஜ முதலியார். மோட்டார் வண்டி, உதிரி பாகங்கள் விற்றுக்கொண்டிருந்தவர். சினிமா ஆசை வந்து, பூனாவில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் கேமராவை இயக்கக் கற்றுக்கொண்டார். புரசைவாக்கத்தில் ஒரு ஸ்டுடியோ அமைத்து, 1917-18 வாக்கில் 'கீசக வதம்' எடுத்தார். தென்னிந்தியாவின் முதல் மௌனப் படம். ஸ்டுடியோ என்றால் இன்றைக்கு இருக்கிற மாதிரி கட்டடம் இல்லை. விளக்கும் இல்லை. சூரியன்தான் விளக்கு. கூரைக்குப் பதில் மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டியிருந்தார்கள். சென்னை வெயில் அந்தத் துணியில் வடிந்து, மென்மையாகக் கீழே விழும். நேர் வெயிலில் நின்றால் கண்ணுக்குக் கீழே, மூக்குக்குக் கீழே கறுப்பு நிழல் விழும். நெற்றி வெளுத்துப் போகும். துணி அந்தக் கடுமையைக் குறைத்தது. அந்தப் படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. துணிக் கூரை மட்டும் கதையில் மிஞ்சியிருக்கிறது.

மூன்றாவது, வங்காளத்தில் சுப்ரதா மித்ரா. சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'க்கு ஒளிப்பதிவு செய்ய வந்தபோது 21 வயது. அதுவரை சினிமா கேமராவைத் தொட்டதே கிடையாது. அடுத்த படமான 'அபராஜிதோ'வில் (1956) காசி நகரத்து வீட்டு முற்றம் ஒன்று தேவைப்பட்டது. கல்கத்தாவில் மழைக்காலம் நெருங்கியதால் அதை ஸ்டுடியோவுக்குள் கட்டினார்கள். காசியில் அப்படிப்பட்ட முற்றத்தில் வெளிச்சம் மேலே தெரியும் வானத்திலிருந்து பரவலாக இறங்கும். அழுத்தமான நிழலே இருக்காது. ஸ்டுடியோ விளக்குகளை நேராக அடித்தால் ஒவ்வொரு ஆளுக்கும் நாலு நிழல் விழும். மித்ரா என்ன செய்தார்? முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினார். விளக்குகளைக் கீழேயிருந்து அந்தத் துணியை நோக்கித் திருப்பினார். துணியே வானமாகிவிட்டது. படம் பார்த்தவர்கள் அதைக் காசியிலேயே எடுத்ததாக நினைத்தார்கள்.

நாசிக் பக்கத்தில் பிறந்த ஒருவர், புரசைவாக்கத்து வியாபாரி ஒருவர், கல்கத்தா இளைஞர் ஒருவர். மூன்று பேருக்கும் கை கொடுத்தது ஒரு துண்டு வெள்ளைத் துணி.

இதற்கு நடுவில் பாடப் படங்களும் வளர்ந்தன. 1967 ஜனவரி 26 அன்று டெல்லியில் 'கிருஷி தர்ஷன்' தொடங்கியது. டெல்லியைச் சுற்றியிருந்த 80 கிராமங்களில் பொதுவில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வைத்து, உழவர்களுக்கு உழவு முறைகளைக் காட்டினார்கள். 1975 ஆகஸ்டில் செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு ஒரு வருடம் நிகழ்ச்சிகள் போயின. தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை. அதே ஆகஸ்ட் 15இல்தான் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஆரம்பமானது. யாரோ ஒரு நிலையத்தில் எடுத்து, கிராமத்துக்கு அனுப்பினார்கள். கிராமம் பார்த்தது. இன்று என் மாணவனின் மனைவி மலையிலிருந்து எடுத்து நகரத்துக்கு அனுப்புகிறாள். திசை மாறிவிட்டது. அதனால்தான் அவள் வீடியோ மங்கலாகப் போகக் கூடாது என்று எனக்கு அத்தனை அக்கறை.

"சரி சார், அதெல்லாம் சினிமாக்காரங்க. நாம மலைக்காரங்க" என்றான்.

"டேய், உலகத்துக்கே வெளிச்சம் பிடிக்கக் கற்றுக்கொடுத்த இடம் உன் மலையிலேயே இருக்குதுடா" என்றேன். காவலூர்.

உங்களில் பலரை இரவில் அங்கே கூட்டிப் போயிருக்கிறேன். குளிரில் நடுங்கிக்கொண்டு வரிசையில் நின்றது ஞாபகம் இருக்கும். எம். கே. வைணு பாப்பு 1960இல் கொடைக்கானல் வானாய்வகத்துக்கு இயக்குநராக வந்தார். இரவு வானத்தைப் பார்க்க நல்ல இடம் வேண்டும் என்று தென்னிந்தியா முழுக்கத் தேடிக் கடைசியில் ஜவ்வாது மலைக் காட்டுக்குள் கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கும் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். நகர வெளிச்சம் எட்டாத காடு. பூமத்திய ரேகைக்குப் பக்கமாக இருப்பதால் வடக்கு வானம், தெற்கு வானம் இரண்டையும் நன்றாகப் பார்க்கலாம்.

அவர் முதலில் என்ன வைத்தார் தெரியுமா? பெரிய கருவி இல்லை. கொடைக்கானல் பட்டறையிலேயே செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி. 1968இல் அதை வைத்து வேலையைத் தொடங்கினார்கள். 1972இல்தான் கிழக்கு ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் நிறுவனத்திலிருந்து 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கப்போகும் நேரத்தில், ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அந்தத் தொலைநோக்கியில் விண்மீனின் ஒளியை அளந்துகொண்டிருந்தார்கள். கிரகம் மறைப்பதற்கு முன்பே ஒளி சட்டென்று மங்கி மீண்டது. அன்று உலகில் வேறு இடங்களிலிருந்தும் பார்த்தவர்களுக்கும் இப்படியே நடந்தது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது அன்றுதான் தெரிந்தது.

இந்தியாவிலேயே கண்ணாடி இழைத்து மெருகேற்றிய 2.34 மீட்டர் தொலைநோக்கி வேண்டும் என்பது பாப்புவின் கனவு. அது முடிவதற்குள் 1982இல் காலமாகிவிட்டார். 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் திறந்துவைத்து பாப்புவின் பெயரைச் சூட்டினார். 38 சென்டிமீட்டரிலிருந்து 2.34 மீட்டருக்கு வர 18 வருடம். சின்னதில் கற்றுக்கொண்டு பெரியதற்குப் போனார்கள். இங்கேயும் அதே வரிசைதான்.

காவலூரில் நான் கற்ற மூன்று பாடங்கள், போனில் எடுக்கும் வீடியோவுக்கும் அப்படியே பொருந்தும்.

ஒன்று, வெளிச்சம் சேர்ப்பது. இருட்டில் நம் கண்மணி 7 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் விரியும். 2.34 மீட்டர் கண்ணாடி அதைப்போல ஒரு லட்சம் மடங்குக்கும் மேல் வெளிச்சத்தைச் சேர்க்கிறது. போனில் இருக்கும் லென்ஸ் திறப்பு சில மில்லிமீட்டர்தான். வாயைப் பெரிதாக்க முடியாது என்றால் வெளிச்சத்தைத்தான் அதிகமாக்க வேண்டும். வீட்டுக்குள் ஒரு டியூப் லைட்டின் கீழே சுமார் 200 லக்ஸ் இருக்கும். மேகம் மூடிய பகலில்கூட வெளியே 10,000 லக்ஸ். திண்ணைக்கு வருவதற்குப் பத்து அடி நடக்க வேண்டும். கிடைப்பது பல மடங்கு வெளிச்சம், காசில்லாமல். வெளிச்சம் போதாதபோது போன் கிடைத்த கொஞ்ச ஒளியைச் செயற்கையாகப் பெருக்குகிறது. படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக மணல் தூவிய மாதிரி வருவது அதனால்தான். அந்த மணலுக்குள் சாமை எங்கே தெரியும்?

இரண்டு, அசையாமை. தொலைநோக்கிக்குக் கீழே ஆழமாக அஸ்திவாரம் போட்டு, கட்டடத்தோடு ஒட்டாமல் தனித் தூணில் நிறுத்துவார்கள். ஆள் நடந்தால்கூட விண்மீன் கலையும். மங்கிய வெளிச்சத்தில் போன் ஒவ்வொரு சட்டகத்துக்கும் அதிக நேரம் கண்ணைத் திறந்து வைத்திருக்கும். அந்த நேரத்தில் கை அசைந்தால் படம் இழுபடும். போனைக் கையில் பிடிக்காதே, எதிலாவது கட்டு.

மூன்று, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது. காவலூருக்கு உங்களைப் பௌர்ணமி அன்று கூட்டிப் போகாமல் எட்டாம் பிறை சமயத்தில் கூட்டிப் போனேனே, ஏன் என்று அப்போது சொன்னேன். முழு நிலவில் வெயில் நேராக விழுவதால் குழிகளே தெரியாது. வெள்ளைத் தட்டு மாதிரி இருக்கும். அரை நிலவில் வெயில் பக்கவாட்டில் விழுவதால் ஒவ்வொரு குழிக்கும் நிழல் விழுந்து எடுப்பாகத் தெரியும். முகத்துக்கு மென்மையான வெளிச்சம் வேண்டும். தானியத்துக்குச் சாய்ந்த வெளிச்சம் வேண்டும்.

கதை முடிந்தது. அப்புறம் வேலையில் இறங்கினோம்.

காலை எட்டு மணி. திண்ணையில் அந்தப் பெண்ணை வாசலுக்கு முதுகு காட்டாமல், முற்றத்தைப் பார்த்து உட்காரச் சொன்னேன். வெளிச்சம் முன்னாலும் இடப்பக்கத்திலும் இருந்து வந்தது. வலப்பக்கம் முகத்தில் நிழல். அவன் வெள்ளை வேட்டியை வாங்கி, இரண்டு மூங்கில் கழியில் கட்டி அந்தப் பக்கம் நிறுத்தினோம். நிழல் கரைந்தது. "சரஸ்வதிபாய் வேலையைக் கழி பார்க்குது" என்றேன். அவள் சிரித்தாள்.

போனின் லென்ஸைப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கு, விரல் ரேகை. பருத்தித் துணியால் துடைத்தோம். பாதி மங்கல் அப்போதே போய்விட்டது. அதுவரை முகம் பார்க்கும் பக்கத்துக் கேமராவில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதைவிடப் பின்பக்கக் கேமரா நன்றாக இருக்கும் என்று மாற்றினோம். முக்காலி மேல் இரண்டு செங்கல் அடுக்கி, போனை ரப்பர் வளையத்தால் கட்டினோம்.

கை அசையும்போதெல்லாம் படம் தெளிந்து மங்கி, மங்கித் தெளிந்தது. போன் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் தடுமாறுகிறது. முறத்தில் இருக்கும் சாமை மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் தெளிவும் வெளிச்ச அளவும் அங்கேயே பூட்டிக்கொள்ளும். மணி வெளுத்துத் தெரிந்தால் திரையில் வரும் சின்னச் சூரியனைக் கீழே இழுத்துக் குறைக்கலாம். மிக அருகே கொண்டுபோனால் லென்ஸால் தெளிவாகப் பார்க்க முடியாது. ஒரு முழம் தள்ளி வைத்து, இரண்டு மடங்கு மட்டும் பெரிதாக்கினோம்.

உள்ளே அடுப்பில் சோறாக்கும் காட்சிக்குத்தான் சிரமம். மஞ்சள் பல்பை அணைத்துவிட்டு, ஜன்னலுக்குப் பக்கத்தில் அடுப்பை மாற்றினோம். இரண்டு நிற வெளிச்சம் கலந்தால் என் லிட்மஸ் தாள் கதைதான். விளக்கு போட்டே ஆக வேண்டும் என்றால் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். ஒன்பதாம் வகுப்பில் உங்களில் பாதிப் பேர் தப்பாக எழுதிய அதே கணக்கு!

மதியத்துக்குள் ஆறு நிமிட வீடியோ தயார். முறத்தைச் சாய்த்து அவள் தட்டும்போது, கல் கீழே தங்கி, சாமை மேலேறி வருவது தெளிவாகத் தெரிந்தது. உமி போன மணி, போகாத மணி இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். அவள் கையில் இருந்த வித்தை, முன்பு எடுத்ததிலும் இருந்தது. அன்றுதான் நமக்குத் தெரிந்தது.

பார்வை லட்சக்கணக்கில் ஏறிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் போன வாரம் அவன் போன் செய்தான். "சார், சென்னையில ஒரு அம்மா எழுதியிருக்காங்க. மூணாவது நிமிஷத்துல முறத்து ஓரமா ஒரு கறுப்புக் கல்லு இருந்துச்சே, அதை ஏன் எடுக்காம விட்டீங்கன்னு கேக்கறாங்க!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சென்னையில் இருப்பவர் கண்ணுக்கு ஜவ்வாது மலையில் முறத்தில் கிடந்த ஒரு கல் தெரிந்திருக்கிறது.

சங்கிலி அவள் கழுத்தில்தான் இருக்கிறது. கேமரா ஒருநாள் வாங்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. சாமை விற்ற காசில் வாங்கட்டும்.

உங்களில் தையல், மின்வேலை, சமையல், கணக்கு என்று வீடியோ போடுகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறீர்கள். கடன் வாங்கிக் கருவி வாங்கும் முன், பீரோவில் ஒரு வெள்ளை வேட்டி இருக்கிறதா என்று பாருங்கள். எடுத்ததை எனக்கு அனுப்புங்கள். பழையபடி சிவப்பு மையில் திருத்தி அனுப்புகிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்